பதினொரு ஜோடி

தம்பெரேயில் நவம்பர்.
மூன்றரைக்கெல்லாம் வெளிச்சம் கடையைச் சாத்திவிடும்.
பழைய பஞ்சாலையின் நான்காம் மாடியில்
காலடி ஓசை செய்துகொடுப்பது என் உத்தியோகம்.
சிரிக்காதீர்கள், மாதச் சம்பளம் உண்டு.

ஒரு தட்டில் சரளை, ஒன்றில் ஈரப் பலகை,
ஒன்றில் உருளைக்கிழங்கு மாவு.
மாவை மிதித்தால் மைக்குக்கு அது பனி.
பழைய சாமான் சந்தையில்
என் காசில் வாங்கிய காலணிகள் பதினொரு ஜோடி.
ஏழாவது, ரப்பர் அடி, பழுப்பு: அது ஐலியின் நடை.

எங்கள் ஆட்டத்தில் ஐலி யாரையும் கொல்வதில்லை.
துறைமுகக் கிடங்கில் ஒரு கணக்குப் புத்தகம்.
எடுத்துக்கொண்டு
அரவமில்லாமல் வந்த வழியே போகவேண்டும்,
அவ்வளவுதான் கதை.
காவலர்களின் காதுகளை எழுதியவன் தூரெ.
சரளையில் ஒன்பது மீட்டர், பலகையில் ஐந்து,
பனியில் இரண்டு.
ஆடுகிறவர் கை தேறத் தேற
என் ஓசைகள் ஒவ்வொன்றாய் அணையும்.
அசகாயசூரர் ஒருவர் ஆடினால்
நான் செய்த நானூற்றுச் சொச்சம் கோப்புகளில்
ஒன்றுகூடக் கேட்காது.
அதில் எனக்கு ஏனோ பெருமையாகத்தான் இருந்தது.

முதலில் பெயரை மாற்றச் சொன்னார்கள்,
சந்தையின் வாயில் ஐலி நுழையவில்லையாம்.
பிறகு எஞ்சினை.
பழையதில் நிழல் எண்ணெய் போல வழிந்தது,
புதியதில் விளிம்பெல்லாம் கறையான் அரித்தது.
அப்புறம் பணம் போட்டவர்களில் ஒருவர் விமானம் ஏறி வந்து
இருபது நிமிடம் ஆடிப் பார்த்துவிட்டு
கொட்டாவியைக் கையால் மறைத்துக்கொண்டு கேட்டார்:
இவள் எப்போது சுடுவாள்?

சுட்டாள்.
ராணுவ பூட்ஸ் மாட்டி நான் திம் திம்மென்று மிதித்தேன்.
அந்தச் சத்தத்துக்கு எல்லாக் காவலரும் ஓடிவர,
தூரெ அவர்கள் காதைப் பாதியாக்கினான், பிறகு கால்வாசி.
கடைசியில் பக்கத்தில் குண்டு வெடித்தாலும்
பதினேழாம் எண் காவலன் மட்டும்
சுவரைப் பார்த்தபடி நின்றான்.
ஏனென்று யாருக்கும் பிடிபடவில்லை.
சரிசெய்ய நேரமும் இல்லை,
சனிக்கிழமைகள் போயிருந்தன, ஞாயிறும் போய்க்கொண்டிருந்தது.
கிடங்கை ஆறு முறை கட்டி ஆறு முறை இடித்த ஏரிகா
ஒரு விடியற்காலை வீட்டுக்குப் போக,
அவள் நாயே அவளைப் பார்த்துக் குரைத்ததாம்.
எல்லோரும் சிரித்தோம். அவளும்.

புதன்கிழமை, பத்து பத்து. திரையில் ஒரு முகம்.
மைக்கை முடுக்க மறந்துவிட்டார்.
இரண்டு நிமிடம் உதடு மட்டும் அசைந்தது.
அந்த இரண்டு நிமிடமும் எங்களுக்கு வேலை இருந்தது.

மதியத்துக்குள் எல்லாவற்றிலும் ஸ்டிக்கர்.
நாற்காலி, திரை, காபி இயந்திரம்.
மாவுத் தட்டில்கூட.
என் பதினொரு ஜோடியும் நிறுவனத்தின் சொத்து,
ஒவ்வொன்றுக்கும் ஒரு எண்.
ரசீது எங்கே என்று கேட்டார்கள்.
பழைய சாமான் சந்தையில் யார் ரசீது தருகிறார்கள்?

இரவு எட்டுக்கு என் சொந்த பூட்ஸை அலமாரியில் வைத்துவிட்டு
ஏழாவது ஜோடியை மாட்டிக்கொண்டேன்.
கீழே வாசற்காவலில் சினிக்கா வொரேலா,
குறுக்கெழுத்துப் புதிரில் குனிந்த தலை.
கருங்கல் தரை. தூரெயின் கணக்கில் ஏழு மீட்டர்.
பாதத்தின் வெளிவிளிம்பு, பிறகு பந்து, கடைசியில் குதிகால்,
மூச்சு பாதியில்.
ஆறு மீட்டர். நான்கு. மேசையைக் கடந்துவிட்டேன்.

தலை நிமிராமல் சொன்னாள்:
"குதிகாலில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது."
கதவுப் பொத்தானை அழுத்தினாள்.

வெளியே ஆறு இரைந்துகொண்டிருந்தது.
அந்த இரைச்சலில் எந்தக் காவலனுக்கும் எதுவும் கேட்காது.
பாலத்தின் மேல் முதல் பனி, மிதிபடாதது.
நின்று, ஒரு அடி வைத்துப் பார்த்தேன்.

மாவு போலவே இல்லை.
இன்னும் ஒரு டேக் எடுத்திருக்கலாம்.